காற்றுக்கும் ஒரு முறை

கீழக்கரையிலிருந்து இராமநாதபுரம் சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பி, உச்சிப்புளியையும் மண்டபத்தையும் கடந்து இராமேசுவரம் போகிற பிரயாணிகளுள், பாம்பன் சாலைப் பாலத்தின் நடுமேட்டில் வண்டியை விட்டு ஒரு கணம் இறங்காதவர் அரியர். 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் திறக்கப்பட்ட அந்த உயர்ந்த பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒருபுறம் பாக் நீரிணையும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் நிறம் வேறுபட்டுக் கிடப்பதையும், கீழே கடல்மட்டத்தை ஒட்டினாற்போல் ரயில் பாலம் நீண்டு செல்வதையும் நோக்கும்போது, இயற்கையின் வனப்பும் மனிதரின் உழைப்பும் ஒருங்கே கண்ணை நிறைக்கின்றன. ஆயினும், வனப்பை எல்லோரும் காண்கிற அவ்விடத்தில் பெரும்பாலோர் கவனியாத விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் நின்று பார்ப்பது இக்கரையோரத்தின் மிகப் பெரிய நாற்சந்தி. கிழக்கு மேற்காக ரயில் போகிறது. வடக்கு தெற்காகக் கப்பல் போகிறது. இரண்டும் ஒரே இடத்தை ஒரே மட்டத்தில் கடந்தாக வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் கடக்க இயலாது.

நகரத்துச் சாலைச் சந்திப்பில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக எரிந்து அணைகிற சிக்னல் விளக்கு எந்தக் கணக்கின்படி மாறுகிறது, அந்தக் கணக்கை வகுப்பவர் எதை எண்ணி வகுக்கிறார் என்று கேட்பவர்களுக்கு, பாம்பனைக் காட்டியே விடை சொல்லலாம் என்பது என் எண்ணம். சாலையில் நொடிக்கணக்கில் நடந்து முடிந்துவிடுவதெல்லாம் இங்கே நிமிஷக்கணக்கிலும் மணிக்கணக்கிலும் நடப்பதால், அந்த சாஸ்திரத்தின் உறுப்புகள் யாவும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தாற்போல் பெரிதாகித் தோன்றுகின்றன.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம், 2 கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட நீளமுடையது. அதன் நடுவே, சிகாகோ நகரத்து ஷெர்சர் வகுத்த முறைப்படி, இரண்டு இரும்புச் சிறகுகள் இருபுறமும் உருண்டு எழுந்து கப்பலுக்கு வழிவிட்டன. அச்சிறகுகளை எழுப்புவதற்குத் தொழிலாளர் பலர் கூடித் தண்டுகளைத் தள்ளிச் சுழற்ற வேண்டியிருந்தது. இப்பொழுது அந்த ஏற்பாட்டின் ஒழுங்கை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். முதலில், பாலத்தின்மேல் ரயில் எதுவும் இல்லை என்பதும், இனி எதுவும் நுழையாது என்பதும் உறுதியாக வேண்டும். பிறகு சிறகுகளின் பூட்டு நீங்கி, அவை மெல்ல எழவேண்டும். அதன்பின்னரே கப்பல் நகரும். கப்பல் கடந்தபின் சிறகுகள் இறங்கி, தண்டவாளம் தண்டவாளத்தோடு சரியாகப் பொருந்தி, பூட்டு விழுந்து, எல்லாம் செவ்வையாயிருக்கிறது என்று தெரிந்த பிறகே கைகாட்டி ரயிலுக்கு வழிகாட்டும். கப்பல் உண்மையில் கடக்கிற நேரம் கொஞ்சம். வழி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறுவதற்கு ஆகிற நேரமோ அதிகம். அந்த மாறும் நேரத்தில் ரயிலும் போவதில்லை, கப்பலும் போவதில்லை. ஆகவேதான், ஒவ்வொரு கப்பலுக்கும் ஒவ்வொரு முறை பாலத்தைத் தூக்காமல், வந்து நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களையும் பெரிய படகுகளையும் சேர்த்து வைத்து, ஒரே தூக்கலில் ஒன்றன்பின் ஒன்றாக விடுவது வழக்கமாயிற்று.

சாலை விளக்கைப் பற்றிய முதல் உண்மையும் முக்கியமான உண்மையும் இதுவே. விளக்கு யாருக்கும் நேரத்தைப் படைத்துத் தருவதில்லை; இருக்கிற நேரத்தைப் பங்கிட்டுத் தருகிறது; பங்கிடும் ஒவ்வொரு தடவையும் தனக்கென்று ஒரு கூலியை எடுத்துக்கொள்கிறது.

இராமநாதபுரத்துக் கண்மாய்ப் பாசனம் அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டுவதில்லை. நீர் குறைந்த காலத்தில் முறைவைத்துத் தண்ணீர் விடும்போது, மடையைத் திறந்தவுடன் வயலுக்கு நீர் வந்துவிடுவதில்லை. காய்ந்து வெடித்துக் கிடக்கும் வாய்க்கால் முதலில் தான் குடித்துத் தீர்க்கிறது. அது நனைந்து நிறைந்த பிறகே கடைவயல் வரைக்கும் நீர் ஓடுகிறது. முறைகளை மிகக் குறுகியனவாக வைத்து, நாழிகைக்கு ஒரு மடையென்று மாற்றிக்கொண்டே இருந்தால், கண்மாயின் தண்ணீரில் பெரும்பகுதி வாய்க்கால்களுக்கே போய்விடும். மாறாக, ஒரு மடைக்கே பல நாள் விட்டால் மற்ற வயல்களின் பயிர் வாடும். இவ்விரண்டுக்கும் நடுவே எங்கேயோ தக்க கால அளவு ஒன்று இருக்கிறது. நீர்ப்பாய்ச்சி அனுபவத்தால் அறிந்த அந்த அளவைச் சாலைச் சந்திப்புக்குக் கணிதத்தால் கண்டறிவதே சிக்னல் நேரம் வகுக்கும் கலை.

வாய்க்கால் குடிக்கும் நீருக்கு ஒப்பான இழப்பு சாலையில் இரண்டு இடங்களில் நேர்கிறது. பச்சை எரிந்தவுடன் முதல் வண்டிக்காரர் அதைக் கண்டு, கியரைப் போட்டு, நகர்வதற்குள் இரண்டொரு நொடிகள் கழிந்துவிடும். இது முதல் இழப்பு. பச்சை முடிந்தபின், சந்திப்பின் நடுவில் அகப்பட்டுள்ள வண்டிகள் வெளியேறும் வரைக்கும் எல்லாத் திசைகளுக்கும் சிவப்பே எரிந்தாக வேண்டும்; இது இரண்டாவது. இந்த வெளியேற்றக் காலம் தூரத்தை வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. இருபது மீட்டர்ச் சந்திப்பை நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் கடப்பவருக்கு 2 நொடிகள் போதும். இதே கணக்கைப் பழைய பாம்பன் பாலத்துக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பு மேலிடும்: மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் ரயிலின் இஞ்சின் மட்டும் பாலத்தைக் கடக்கவே 8 நிமிஷங்களுக்கு மேலாகும், 400 மீட்டர் நீளமுள்ள ரயிலின் கடைசிப் பெட்டி வெளியேறும்போது ஏறத்தாழ 10 நிமிஷங்கள் ஆகியிருக்கும். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரம் எழும்புகிறது. மின்விசையால் எழும்புவதால் மனிதர் தோள்கொடுக்க வேண்டியதில்லை. பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டரும் தூக்கும் பகுதியில் 50 கிலோமீட்டரும் வேக எல்லையென்று அனுமதிக்கப்பட்டிருப்பதால், வெளியேற்றக் காலம் 3 நிமிஷங்களுக்குள் அடங்கிவிடும். புதிய பாலத்தைப் புகழ்பவர்கள் அதன் உயரத்தையும் எடையையும் சொல்கிறார்கள். வழி கைமாறும் நேரம் சுருங்கிற்றே, அதுதான் ரயிலுக்கும் கப்பலுக்கும் வாய்த்த பெரும் பேறு என்று நான் கருதுகிறேன்.

சாலை விளக்குக்கு ரயில்வே தாய்வீடு என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 1868-ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டன் மாநகரத்தில் பாராளுமன்றத்துக்கு அருகே முதன்முதலாக நிறுத்தப்பட்ட சாலைக் கைகாட்டியை வகுத்தவர் ஜான் பீக் நைட் என்னும் ரயில்வே நிபுணரே. பகலில் ரயில் கைகாட்டியைப் போலவே கை நீட்டியும், இரவில் வாயு விளக்கால் சிவப்பும் பச்சையும் காட்டியும் நின்ற அந்த யந்திரம், அடுத்த மாதமே வாயுக் கசிவால் வெடித்து, அதை இயக்கிய காவலரைப் படுகாயப்படுத்தியதால், அந்த முயற்சி நெடுங்காலம் கைவிடப்பட்டது. பின்பு மின்சாரம் வந்தது. பாம்பன் பாலம் திறக்கப்பட்ட அதே 1914-இல், ஆகஸ்ட் 5-ஆம் நாள், அமெரிக்காவின் கிளீவ்லண்டு நகரத்தில் மின்விளக்குச் சிக்னல் எரிந்தது. அதில் சிவப்பும் பச்சையும் மட்டுமே இருந்தன. 1920-இல் டெட்ராய்ட் நகரத்துக் காவல் அதிகாரி வில்லியம் பாட்ஸ் மஞ்சளைச் சேர்த்தார். நம் நாட்டில் முதல் சிக்னல் சென்னை எழும்பூர்ச் சந்திப்பில் 1953-இல் எரிந்தது என்பர்.

ஆனால் விளக்கு எரிவது ஒன்று. எத்தனை நொடி எரிய வேண்டும் என்று அறிவது வேறொன்று. அதற்குத் திடமான கணிதம் 1958-ஆம் ஆண்டுதான் கிடைத்தது. பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர் என்பவர், சந்திப்புகளில் வண்டிகள் காத்திருக்கும் நேரத்தை நுணுகி ஆராய்ந்து, எல்லா வண்டிகளின் காத்திருப்பையும் கூட்டினால் மிகக் குறைவாக வரக்கூடிய சுற்றுக் காலத்துக்கு ஒரு சூத்திரம் வகுத்தார். சுற்றுக் காலம் என்பது, ஒரு வழிக்குப் பச்சை எரிந்ததிலிருந்து மற்ற எல்லா வழிகளுக்கும் எரிந்து முடிந்து மீண்டும் அதே வழிக்குப் பச்சை எரியும் வரை உள்ள காலம். ஒரு சுற்றில் வீணாகிற நொடிகளை ஒன்றரையால் பெருக்கி ஐந்து கூட்டுங்கள். ஒன்றிலிருந்து சந்திப்பின் சுமையைக் கழித்து, வந்த மிச்சத்தால் அதை வகுங்கள். கிடைப்பது சுற்றுக் காலம். சுமை என்பது, ஒவ்வொரு வழியிலும் உண்மையில் வருகிற வண்டிகள், தொடர்ந்து பச்சை எரிந்தால் போகக்கூடிய வண்டிகளில் எத்தனை பங்கு என்பதைக் கண்டு, அப்பங்குகளைக் கூட்டியது.

இதைக் கீழக்கரைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். வள்ளல் சீதக்காதி சாலை வழியே ஊரைவிட்டு வெளியே வந்தால் முக்கு ரோடு. இராமநாதபுரத்துப் பஸ்களும், ஏர்வாடி தர்காவுக்குச் செல்லும் வேன்களும், வாலிநோக்கத்திலிருந்து உப்பேற்றி வரும் லாரிகளும், ஊருக்குள்ளிருந்து வரும் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் ஒன்றையொன்று சந்திக்கிற இத்தகைய முக்கில் ஒரு சிக்னல் வைப்பதாகப் பாவித்துக்கொள்வோம். வெப்ஸ்டரின் அளவைப்படி, அகன்ற வழியின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் பச்சை எரியும் ஒரு மணி நேரத்தில் 525 கார்கள் போகலாம். ஆகவே 7 மீட்டர் அகலமுள்ள வழியில் 3,675 கார்கள், அதாவது ஏறக்குறைய நொடிக்கு ஒரு கார். மணிக்கு 1,470 கார் அளவுக்குப் பெரிய சாலையில் வண்டிகள் வந்தால், அதன் சுமை 0.4. ஊர்ச் சாலையின் சுமை 0.2 என்று கொள்வோம். மொத்தம் 0.6. ஒரு சுற்றில் வீணாகும் நேரம் 10 நொடி. ஒன்றரையால் பெருக்க 15, ஐந்து கூட்ட 20, ஒன்றில் 0.6 போக மிச்சம் 0.4, அதனால் வகுக்க 50. ஆகச் சுற்று 50 நொடி. அதில் வீணாகும் 10 போக மீந்த 40 நொடியைச் சுமைக்கேற்ப இரண்டுக்கு ஒன்று என்று பிரித்தால், பெரிய சாலைக்கு 27, ஊர்ச் சாலைக்கு 13.

பெருநாளுக்கு முந்தின மாலையில், துணிக்கடைக்கும் இறைச்சிக் கடைக்குமாக ஊரே வெளியில் வந்திருக்கும்போது, சுமை 0.8 ஆகிவிடுகிறது என்று கொண்டால், சூத்திரம் 100 நொடி என்கிறது. சுமை 0.9 ஆனால் 200 நொடி. சுமை ஒன்றைத் தொட்டுவிட்டால் வகுக்கும் எண் சுழியமாகி, சூத்திரம் வாய்மூடி மௌனமாகிறது. அதன் பொருள், அந்தச் சந்திப்பை எந்த விளக்காலும் காப்பாற்ற இயலாது என்பதே. சாலையை அகலப்படுத்தலாம், வேறு வழி திறக்கலாம், வண்டியைக் குறைக்கலாம். விளக்கை மாற்றிப் பயனில்லை. நெரிசல் கண்ட ஊர்களில் “சிக்னல் சரியில்லை” என்று குறைகூறுவோர் சொல்வது பல சமயங்களில் நியாயமேயாயினும், சுமை ஒன்றை எட்டிய இடத்தில் விளக்கின்மேல் பழி சுமத்துவது கண்மாய் வறண்டதற்கு மடைப்பலகையைக் கோபிப்பது போலாகும்.

இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். 50 நொடிச் சுற்றில் 40 நொடி பயன்படுகிறது. அது நூற்றுக்கு 80. சுற்றை 100 நொடியாக இரட்டித்தால் நூற்றுக்கு 90. அதையும் இரட்டித்து 200 ஆக்கினால் நூற்றுக்கு 95. காத்திருப்போரின் பொறுமையை மேலும் மேலும் பெருக்கிக் கேட்டுக்கொண்டே போகிறோம். கிடைக்கும் லாபமோ பத்து, ஐந்து என்று சுருங்கிக்கொண்டே வருகிறது. சுற்றுக் காலம் இரண்டு நிமிஷத்தை மிஞ்சலாகாது என்று பொறியாளர்கள் பொதுவாக எல்லை வைத்திருப்பதற்கு இதுவே காரணம். நல்வாய்ப்பாக, வெப்ஸ்டர் கண்ட மற்றோர் உண்மை நடைமுறைக்குப் பெரிதும் துணைபுரிகிறது: சரியான சுற்றுக் காலத்தின் முக்காற்பங்கு முதல் ஒன்றரை மடங்கு வரை எங்கே வைத்தாலும், காத்திருப்பு நூற்றுக்குப் பத்து இருபதுக்குமேல் கூடுவதில்லை. குழம்பில் உப்பு சற்று முன்பின் ஆனாலும் உண்ணலாம் என்பதுபோல, கணக்கில் சிறு பிழையைச் சந்திப்பு பொறுத்துக்கொள்கிறது.

மேலே கார் கார் என்று சொல்லி வந்தேனே, நம் சாலைகளில் ஓடுவன கார்கள் மட்டுமா? இங்குதான் மேல்நாட்டுக் கணிதம் நம் மண்ணுக்கு வந்து திகைத்து நிற்கிறது. எல்லா வாகனங்களையும் ஒரே அலகில் எண்ணுவதற்கு, இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட நெறிமுறையில், கார் ஒன்று எனக் கொண்டு மற்றவற்றுக்கு மதிப்பிட்டிருக்கிறார்கள்: இருசக்கர வண்டி அரை முதல் முக்கால், ஆட்டோ 1.2 முதல் 2. லாரியும் பஸ்ஸும் 2.2 முதல் 3.7, ஆள் தள்ளும் கைவண்டி 2 முதல் 3. மனிதன் தள்ளுகிற கைவண்டி இரண்டு மூன்று கார்களுக்குச் சமமென்றால் நகைக்கத் தோன்றலாம். ஆனால் இங்கே அளக்கப்படுவது வண்டியின் விலையோ உருவமோ அன்று, அது சாலையில் எவ்வளவு இடத்தை எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்கிறது என்பதே. மேலும், சிவப்பு எரியும்போது நம் ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் கார்களின் பின்னால் வரிசையில் நிற்பதில்லை. இடுக்குகளில் நுழைந்து முன்னே வந்து கோட்டருகில் கொத்தாகச் சேர்ந்துகொள்கின்றன. பச்சை எரிந்ததும் அந்தக் கொத்து முழுவதும் முதற் சில நொடிகளிலேயே பாய்ந்து போய்விடுகிறது. மேல்நாட்டுச் சூத்திரம் முதல் நொடிகளை வீண் என்று எழுதிவைத்திருக்க, நம் சந்திப்பில் அந்நொடிகளே மிகுந்த பயன் தருவனவாக இருப்பதை எந்த மாலையிலும் பிரத்தியட்சமாகக் காணலாம். இத்தகைய வேற்றுமைகளையெல்லாம் நம் சாலைகளிலேயே அளந்து, டில்லியிலுள்ள மத்தியச் சாலை ஆராய்ச்சி நிலையம் 2017-இல் இந்திய நாட்டுக்கென்றே ஒரு கொள்ளளவுக் கையேடு வெளியிட்டது.

மஞ்சள் விளக்கின் நேரத்தைப் பற்றிச் சிறிது நின்று பேசவேண்டும்; ஏனெனில் அதில் ஒரு தர்ம நியாயம் அடங்கியிருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் மஞ்சளைக் கண்டு மனத்தில் வாங்கிக்கொள்ள ஒரு நொடி ஆகும். அதற்குள் வண்டி 14 மீட்டர் போய்விடும். பிறகு அச்சமின்றி பிரேக் பிடித்து நிறுத்த மேலும் 32 மீட்டர் வேண்டும். ஆக, கோட்டுக்கு 46 மீட்டருக்குள் வந்துவிட்டவரால் நிற்க முடியாது. அவர் போயே ஆகவேண்டும். அந்த 46 மீட்டரைக் கடக்க 3.3 நொடி ஆகிறது. மஞ்சள் அதற்குக் குறைந்து, இரண்டு நொடியிலேயே சிவப்பாகிவிட்டால், நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் தவிக்கிற ஒரு தூரம் சாலையில் உண்டாகிறது. அதில் அகப்பட்ட ஓட்டுநர் எதைச் செய்தாலும் குற்றவாளியாகிறார். 1960-இல் காசிஸ், ஹெர்மன், மராதுதின் என்னும் மூன்று விஞ்ஞானிகள் இதைக் கணித முறையில் நிறுவிக் காட்டினார்கள். குற்றம் செய்யாமலிருக்க இயலாத நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு அவரைத் தண்டிப்பது அறமாகாது; மஞ்சளின் நீளத்தை வகுப்பவர் இதை மறக்கலாகாது. நிற்கப் பல நூறு மீட்டர் தேவைப்படுகிற ரயிலுக்கு, ரயில்வேக்காரர்கள் இரட்டை மஞ்சள், ஒற்றை மஞ்சள், சிவப்பு என்று படிப்படியாக முன்கூட்டியே அறிவித்துவிடுகிற மரபு இந்த நியாயத்தின் விரிவே.

நடப்பவர்களுக்குரிய நேரத்தில்தான் நம் நாட்டு விளக்குகள் பெரும்பாலும் கஞ்சத்தனம் காட்டுகின்றன. சாலைச் சிக்னல்களைப் பற்றிய இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 1985-ஆம் ஆண்டு நெறிமுறை, நடப்பவர் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்று கொள்கிறது. 14 மீட்டர்ச் சாலையை அவ்வேகத்தில் கடக்க 12 நொடி. தர்காவுக்குப் போகிற மூதாட்டி ஒருவர், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு, நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பாரானால் 17 நொடிக்கு மேலாகும். மேலே நாம் ஊர்ச் சாலைக்கு ஒதுக்கிய 13 நொடியை நினைத்துப் பாருங்கள். வண்டிகளின் கணக்குக்குப் பொருந்திய அந்த 13 நொடிக்குள் மூதாட்டி சாலையின் நடுவைத் தாண்டிச் சிறிது தூரமே போயிருப்பார். ஆகவே வண்டிக் கணக்கு எதைச் சொன்னாலும், நடப்பவருக்கு வேண்டிய நேரத்தைக் கீழ்வரம்பாக முதலில் வைத்துவிட்டு, மீந்ததையே வண்டிகளுக்குப் பங்கிட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். பத்து நொடி கூடுதலாக நிற்பதால் காரில் இருப்பவருக்கு நேரும் நஷ்டத்தையும், சாலை நடுவே பச்சை மாறிவிட்டதால் மூதாட்டிக்கு நேரும் அபாயத்தையும் ஒரே துலாக்கோலில் வைத்தல் கூடாது.

வகுத்த நேரத்தை நிர்வகிப்பது மற்றொரு வேலை. காலைக்கு ஒன்று, நண்பகலுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று முன்பே எழுதிவைத்த திட்டங்களைக் கடிகாரத்தின்படி மாற்றுவது எளிய முறை. அடுத்தடுத்த சந்திப்புகளைக் கோத்து, முதல் விளக்கில் புறப்பட்டவர் இரண்டாவதை அடையும்போது அங்கும் பச்சை எரியுமாறு செய்வது அதற்கு மேற்பட்ட முறை. 500 மீட்டர் இடைவெளியை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 50 நொடியாதலால், இரண்டாவது விளக்கு 50 நொடி தாமதித்துப் பச்சையாக வேண்டும். ஒரு திசைக்கு இது சுலபம். எதிர்த் திசையிலிருந்து வருபவருக்கும் அதே அதிர்ஷ்டம் வாய்ப்பது சந்திப்புகளின் இடைவெளி ஒத்து அமைந்தால்தான். இவற்றுக்கும் மேலாக, சாலையில் புதைத்த கம்பிச் சுருள்களாலோ காமிராக்களாலோ வண்டிகளை எண்ணிக்கொண்டே நேரத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடுகள் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்திலும் 1970-களில் உருவாயின. தடம் பிரித்து ஓடாத நம் கலப்புப் போக்குவரத்துக்கு ஏற்றவாறு அத்தகைய ஓர் ஏற்பாட்டைத் திருவனந்தபுரத்துச் சி-டாக் நிறுவனம் வகுத்திருக்கிறது. கோயம்புத்தூரிலோ அண்மை ஆண்டுகளில் வேறு உபாயம் கண்டு, பல சந்திப்புகளில் சிக்னலையே நிறுத்திவிட்டு, ரவுண்டானாக்களும் யு-திருப்பங்களும் அமைத்தார்கள். வழி கைமாறாவிட்டால் கைமாறும் கூலியும் இல்லை என்ற துணிவு அது.

இத்தனை யந்திரங்கள் வந்தும், ஏர்வாடியில் சந்தனக்கூடு நடக்கும் இரவில் முக்குகளில் நின்று கையால் வழிவிடும் காவலரின் இடத்தை எதுவும் நிரப்பிவிடவில்லை. ஆம்புலன்ஸின் அவசரம் அவர் காதுக்கு எட்டுகிறது. குழந்தையைத் தோளில் வைத்திருப்பவரை அவர் கண் அடையாளம் காண்கிறது. ஆயினும் கண்ணுக்குத் தெரிகிற வரிசை முழுவதும் தீர்ந்த பிறகே அடுத்த திசையைத் திறப்பது மனித சுபாவமாதலால், சுற்று நீண்டு, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மற்றொரு வரிசை வளர்ந்துவிடுகிறது. காவலரும் கணக்கும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நடப்பதே உத்தமம்.

விளக்கு கெட்டுப்போனால் என்ன செய்வது? இந்தக் கேள்வியில் ரயில்வேயின் விவேகம் சாலைக்கு முற்பட்டது. இந்திய ரயில்வேயின் ஒற்றைத் தடங்களில் நெடுங்காலமாக, பூட்டிய யந்திரத்திலிருந்து வெளிவரும் ஓர் இரும்புப் பந்தைக் கையில் வாங்கிய ஓட்டுநரே தடத்தில் நுழையலாம். பந்து ஒரு சமயத்தில் ஒன்றுதான் வெளிவரும். ஆகவே இருவர் நுழைய இயலாது. கைகாட்டி விளக்கு எரியவில்லையென்றால் அது சிவப்பென்றே கொள்ளப்படும். ஐயம் எழுந்தால் நிற்க வேண்டும். பிழை நேர்ந்தாலும் அது பாதுகாப்பின் பக்கமே நேர வேண்டும். சாலை விளக்கின் பெட்டிக்குள்ளும் இந்தக் கொள்கை புகுந்திருக்கிறது: ஒன்றையொன்று குறுக்கிடும் திசைகளுக்கு ஒருங்கே பச்சை எரிய நேர்ந்தால், காவல் யந்திரம் ஒன்று அதைக் கண்டு, எல்லாவற்றையும் அணைத்து, விட்டுவிட்டு எரியும் எச்சரிக்கை விளக்கை மட்டும் ஏற்றிவிடும்.

இக்கரையில் வாழ்பவர்களுக்கு இருண்ட கைகாட்டி என்பது வெறும் பாடமன்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாசஞ்சர் வண்டி, கைகாட்டி இருண்டிருக்க, ஊரை நெருங்கும் தறுவாயில் புயலலைக்கு இரையாகி, நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கடலில் மறைந்தது. பாம்பன் பாலமும் அப்புயலில் சிதைந்து, பின்பு ஸ்ரீதரன் என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. அந்தத் துயரத்தை நேரில் கண்ட தலைமுறை இப்பொழுது அருகிவிட்டது. ஆனால் பாம்பன் துறைமுகக் கம்பத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிற்று என்று கேட்டால், இன்றும் கீழக்கரை முதல் இராமேசுவரம் வரை கடலோரத்தார் முதலில் கேட்பது எத்தனையாம் எண் என்பதே. பகலில் கூண்டும் இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளுமாக, ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணிட்டு ஏற்றப்படும் அந்தச் சமிக்ஞை, நம் கரையின் மூத்த சிக்னல்.

பழைய ரயில் பாலத்திலோ, கிண்ணங்கள் சுழன்று காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானி ஒன்று கைகாட்டியோடு பிணைக்கப்பட்டிருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டியதும், எந்த அதிகாரியும் பொத்தானை அழுத்தாமலே, சிவப்பு தானாக விழும். ரயிலுக்கு ஒரு முறை, கப்பலுக்கு ஒரு முறை என்று இரண்டாகப் பங்கிட்ட அந்தச் சந்தியில், காற்றையும் மூன்றாவது வழிப்போக்கனாக ஏற்றுக்கொண்டு, அதற்கும் ஒரு முறை ஒதுக்கிய ஏற்பாடு அது. அந்த முறைக்கு நொடிக்கணக்கு கிடையாது, சூத்திரமும் கிடையாது, காற்று தணியும்போது முடியும். கச்சான் காற்று மன்னார் வளைகுடாவிலிருந்து சீறி எழும் மாதங்களில், ரயில் மண்டபத்தில் நின்றுவிடும். பிரயாணிகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு காத்திருப்பார்கள். கப்பல்கள் நங்கூரத்தை இறுக்கிக்கொண்டு கிடக்கும். இரண்டு வழியும் வெறுமையாயிருக்க, காற்று மட்டும் பாலத்தைக் கடந்து வடக்கே போய்க்கொண்டிருக்கும்.